தீபாவளிக்கு ஜொகூர் பாருவுக்குப் போய்வரலாமா? ஏழு மாதமாகச் சிங்கப்பூரில் தங்கிவிட்டவன் கேட்கிறேன்

பாலத்துக்கு இப்பால் | 18 அக்டோபர் 2020

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியக் குடிமகன். வேலை சிங்கப்பூரில், ஜூரோங்கில் உள்ள ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில். குடும்பம் ஜொகூர் பாருவில், ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக விடியற்காலை நான்கரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்து, இரவு எட்டு மணிவாக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கொவிட்-19 கிருமிப் பரவலால் மார்ச் 16ஆம் தேதி இரவு மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டபோது, 18ஆம் தேதி முதல் எல்லை மூடப்படும் என்பதால், வேலையா வீடா என்று முடிவெடுக்க ஒரே ஒரு நாள்தான் இருந்தது. ஆணை மார்ச் 31 வரைதான் என்றார்கள். இரண்டு வாரத்துக்கான துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு 17ஆம் தேதி இரவு நெரிசலோடு நெரிசலாகப் பேருந்தில் இந்தக் கரைக்கு வந்தேன். இன்றோடு ஏழு மாதம் ஆகிறது.

முதல் இரண்டு மாதம் நிறுவனம் விடுதியில் தங்கவைத்தது. இப்போது உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் நான்கு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) ஏறக்குறைய மூன்று ரிங்கிட் கிடைக்கிறது என்பதற்காகத்தான் இத்தனை ஆண்டுகள் பாலத்தைக் கடந்தோம். வாடகையும் சாப்பாடும் வெள்ளியில் போகத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கு முன்புபோல் இல்லை.

சிங்கப்பூரில் கிருமிப் பரவலை முறியடிக்கும் நடவடிக்கை (ஊரடங்கு) நடப்பிலிருந்த ஏப்ரல், மே மாதங்களில்கூட இவ்வளவு குழப்பமில்லை, ஏனென்றால் அப்போது போக வழியே இல்லை. ஆகஸ்ட் 17 முதல் இரு நாட்டு அரசாங்கங்களும் ‘பிசிஏ’ (Periodic Commuting Arrangement) பயண ஏற்பாட்டைத் திறந்துவிட்டன. வேலை செய்யும் நாட்டில் தொடர்ந்து 90 நாள்கள் இருந்தவர் குறுகிய விடுப்பில் வீட்டுக்குப் போய்வரலாம். எனக்குத் தகுதி இருக்கிறது. ஆண்டு விடுப்பில் 12 நாள்கள் மிச்சமிருக்கின்றன. நவம்பர் 14ஆம் தேதி தீபாவளி.

அம்மா, ‘எப்படியாவது வந்துவிடு’ என்கிறார். மனைவியோ, ‘உங்கள் விருப்பம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகன் முன்பெல்லாம் இரவு எட்டரை மணிக்குக் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு பேசுவான். இப்போது நான் அழைத்தால் அறையைவிட்டு வெளியே போய்விடுகிறான். போய்வந்தவர்கள், போகாமல் இருந்தவர்கள் இரு தரப்பினரும் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். ஜூன் மாதம் குடும்பத்தோடு திருச்சிக்குப் போக எடுத்திருந்த விமானச் சீட்டுகளுக்குப் பணத்துக்குப் பதிலாக, பிறகு சீட்டு எடுக்கப் பயன்படுத்தும் பயணக் கடன்தான் (கிரெடிட்) கொடுத்திருக்கிறார்கள். அதை என்ன செய்யலாம் என்பதும் தெரியவில்லை.

---

துவாஸ் தொழிலாளி | 18 அக்டோபர் 2020

நான் செப்டம்பரில் போய்வந்தேன், சகோதரரே. கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் பாலத்தைக் கடந்ததும் வீடு என்பதுபோல் இதை நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்களுடைய 12 நாள் விடுப்பில் அந்தப் பக்கம் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் போவது போக மிஞ்சுவதுதான் நீங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள்கள். சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு ஏழு நாள் இல்லத் தனிமை உத்தரவு இருக்கிறது. அது முடிவதற்குள் மீண்டும் ஒரு பரிசோதனை. தொழிற்சாலை வேலையை அறையில் உட்கார்ந்து செய்ய முடியாதல்லவா? என் நிறுவனம் அந்த ஏழு நாளைச் சம்பளமில்லா விடுப்பாகக் கணக்கிட்டது. உங்கள் நிறுவனம் எப்படிக் கணக்கிடும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொன்று, நான்கு பேர் இருக்கும் அறையில் தனிமை உத்தரவை நிறைவேற்ற முடியாது. அந்த ஏழு நாளுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும்; இதை நினைவில் வைக்காமல் கடைசி வாரத்தில் இடம் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். விதிகளும் நிலையாக இருப்பதில்லை. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கடந்த 14ஆம் தேதி முதல் நிபந்தனைக்குட்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் வந்துவிட்டது. நாளை அது ஜொகூருக்கும் வராது என்று சொல்ல முடியாது. ஆகவே எதையும் பயணத்துக்கு முந்தைய வாரம் மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் தாண்டிப் போனதற்கு வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. ஆனால் நான் எதிர்பார்த்துப் போனது வேறு, அங்கே கண்டது வேறு. ஆறு மாதத்தில் வீடு தன்னை மாற்றியமைத்துக்கொண்டிருந்தது. என் மகள் என் இடத்தில் படுத்துப் பழகியிருந்தாள். மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் எட்டு மணிக்கு வரும் ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. முதல் மூன்று நாளும் நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது வழியில் இருப்பதாகவே தோன்றியது. நான்காம் நாள் சரியானது. பிறகு கிளம்ப நாள் நெருங்கிவிட்டது.

---

மாசாய் இல்லத்தரசி | 19 அக்டோபர் 2020

அண்ணன் மன்னிக்க வேண்டும். நான் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவரும் மார்ச் 17ஆம் தேதி போனவர்தான். ஆகையால் உங்கள் மனைவி சொல்லும் ‘உங்கள் விருப்பம்’ எனக்கு நன்றாகவே புரிகிறது. அதற்கு வராதீர்கள் என்று பொருளில்லை. வாருங்கள் என்று சொல்லிவிட்டால், பிறகு சம்பளம் பிடித்தாலோ, வேலைக்கே ஆபத்து வந்தாலோ, கிருமி தொற்றிவிட்டாலோ அந்தப் பழி தன் தலையில் விழும் என்ற அச்சம் அதில் இருக்கிறது. வேண்டாம் என்றால் மாமியார் என்ன நினைப்பார் என்பதும் இருக்கிறது. நீங்கள் முடிவையே கேட்டால் அவர் சொல்ல மாட்டார். ‘இந்த ஆண்டு முடிவதற்குள் நான் ஒரு முறைதான் வர முடியும்; உனக்கு எந்த நாள்களில் ஆள் தேவைப்படும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆணையின் தொடக்க வாரங்களில் வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். என் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். அதுவரை மோட்டார் சைக்கிளைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான் என் தம்பியிடம் கற்றுக்கொண்டு பிறகு உரிமமும் எடுத்தேன். குழாய் கசிந்தது, பழுதுபார்த்தேன். மின்கட்டணம், வீட்டுக் கடன், பிள்ளையின் இணையவழிப் பாடம், மாமனாரின் அரசாங்க கிளினிக் முன்பதிவு எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்திவந்தேன். இதையெல்லாம் என் கணவர் அங்கிருந்துகொண்டு கைப்பேசியில் மேற்பார்வை செய்தார். குழாய்க்காரருக்கு எவ்வளவு கொடுத்தாய், ஏன் அவரைக் கூப்பிட்டாய், என்னைக் கேட்டிருக்கலாமே என்பார். அக்கறையில்தான் கேட்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது ஒவ்வோர் இரவும் கணக்கு ஒப்படைப்பதுபோல் இருந்தது. ஜூலையில் ஒரு நாள் அழைப்பை எடுக்காமலே தூங்கிவிட்டேன். மறுநாள் பெரிய சண்டை. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: வீட்டுச் செலவு, பழுது இவற்றில் முடிவெடுப்பது நான், மாத இறுதியில் ஒரு முறை சேர்ந்து கணக்குப் பார்ப்போம், மற்ற நாள்களில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

உங்கள் மகனைப் பற்றியும் ஒரு சந்தேகம். எட்டரை மணி அழைப்பில் நீங்கள் அவனிடம் கேட்கும் முதல் கேள்வி என்ன? என் பையனிடம் அவன் அப்பா, ‘வீட்டுப்பாடம் முடித்தாயா?’ என்றுதான் தொடங்குவார். பள்ளி மூடியிருந்த மாதங்களில் நாள் முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. பிள்ளை ஏன் வரப்போகிறான்? இப்போது அவர் ஒன்றும் கேட்பதில்லை. தான் சமைக்கும்போது கைப்பேசியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுகிறார். பையன் வந்து ரசத்தில் எவ்வளவு புளி போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறான். (பாதி நாள் தவறாகத்தான் சொல்கிறான்.)

---

ஓய்வுபெற்றவன் | 20 அக்டோபர் 2020

தம்பி, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்குப் பார்த்தால் எந்தப் பயணமும் கட்டாது. உங்கள் அம்மாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. தாயார் ‘வா’ என்று அழைக்கும்போது போகாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அது கிருமிக்காலமும் அல்ல, கப்பல்பட்டறையில் கூடுதல் நேரச் சம்பளம் கிடைத்த காலம். வாய்ப்பு இருக்கும்போதே போய்விடுங்கள். நல்ல நாளில் எண்ணெய் தேய்த்துவிட ஒரு கை இருப்பதற்கும் திரையில் முகம் காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு.

திருச்சிப் பயணத்தை இப்போதைக்கு மறந்துவிடுவது நல்லது. மலேசியர்கள் சுற்றுலாவுக்கென வெளிநாடு போகவே இன்னும் தடை இருக்கிறது. பயணக் கடன் எந்த நாள் வரை செல்லும், பெயர் மாற்ற இடமுண்டா என்ற இரண்டை மட்டும் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்திவையுங்கள்.

---

மாசாய் இல்லத்தரசி | 20 அக்டோபர் 2020

ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்றால் நாளையே கிளம்பட்டும். ஆனால் 90 நாள் விதியை மறந்துவிட வேண்டாம். நவம்பரில் வந்துவிட்டு மாத இறுதியில் திரும்பினால், அடுத்த முறை வருவதற்குப் பிப்ரவரி கடைசி ஆகிவிடும். பொங்கல், தைப்பூசம், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, புதிய பள்ளியாண்டின் தொடக்கம் எல்லாம் அதற்குள் போய்விடும். தீபாவளியன்று உறவினர் வீடுகளுக்குப் போக முடியுமா என்பதே இந்த ஆண்டு தெரியவில்லை. இருப்பது ஒரே ஒரு பயணம். அதைப் பண்டிகைக்குச் செலவழிப்பதா, வேறு நாள்களுக்கா என்பதுதான் கேள்வி. அதை முடிவுசெய்ய வேண்டியவர் அண்ணி.

---

பாலத்துக்கு இப்பால் | 10 நவம்பர் 2020

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று முதல் ஜொகூரிலும் நிபந்தனைக்குட்பட்ட ஆணை நடப்புக்கு வந்துவிட்டது, பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். ஆனால் நான் முடிவெடுத்தது அதற்கு முன்பே.

தங்கை சொன்னபடியே கேட்டேன். மனைவி அன்றிரவு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதிய உணவு வேளையில் நீளமாக ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். தீபாவளியைத் தானும் அம்மாவும் பார்த்துக்கொள்வதாகவும், டிசம்பர் கடைசியில் அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருப்பதாகவும், அப்போது மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைய இன்னோர் ஆள் வேண்டும் என்றும், அது மகனுக்குப் பள்ளி விடுமுறையாகவும் இருக்கும் என்றும் சொன்னார். அறுவைச் சிகிச்சை விவரம் எனக்கு அதுவரை தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஜூன் மாதமே முன்வாசல் கிரில் கதவின் பூட்டை மாற்றிவிட்டார்களாம். நான் இத்தனை நாள் பையில் வைத்திருந்த சாவி எதற்கும் உதவாது என்பதையும் அந்தப் பதிவில்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் நானே பேசினேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், முறுக்கை யாரிடமாவது கொடுத்தனுப்ப வழியிருக்கிறதா என்று கேட்டார். ஐயா அவர்கள் சொன்னது மனத்தில் இல்லாமல் இல்லை. அம்மாவுக்கு 68 வயது, நடமாட்டமாக இருக்கிறார். மகனிடம் வீட்டுப்பாடம் கேட்பதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் அவனாக வந்து பேசவில்லை, ஆனால் அறையைவிட்டு வெளியே போவதில்லை.

டிசம்பர் 20ஆம் தேதிக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். நிறுவனம், திரும்பி வந்தபின் வரும் ஏழு நாளில் பாதியை ஆண்டு விடுப்பிலும் பாதியைச் சம்பளமில்லாமலும் கழிக்க ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்திருக்கிறது. துவாஸ் சகோதரருக்கு ஒரு கேள்வி: அந்த ஏழு நாளும் நீங்கள் தங்கிய இடத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? சாப்பாடு அதில் சேர்ந்ததா, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்ததா?