மே மாத இமயம்: ராத்திரி பனி உறைந்ததா என்று பாருங்கள்
(கோட்டாறு, தக்கலை, குளச்சல் ஊர்க்காரர்கள் மூவர் பேசுகிறார்கள்)

கோட்டாறு:
ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பிடித்து ஏப்ரல், மே மாதங்களில் மலையேறப் போகிற நம்மூர்ப் பிள்ளைகளில் பலர், மேகம் மூடினால் குளிரும், பனி உருகாது என்றே நம்புகிறார்கள். நேர்மாறு. ராத்திரி வானம் தெளிந்திருந்தால்தான் பனியின் சூடு மேலே போய் மேற்பரப்பு உறையும். காற்று பூஜ்யம் டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் உறையும். மேகம் அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். உறையாத பனியில் வெயில் விழுந்தால் உருகிய நீர் உள்ளே இறங்கி, துகள்களின் பிடிப்பைத் தளர்த்தும். அடியில் ஐஸ் அடுக்கு இருந்தால் நீர் அதன்மேல் தேங்கும். மேலே உள்ளது மொத்தமாகச் சரியும், அதுதான் பனிச்சரிவு.

விடியலில் பூட்ஸ் கால் பதியாமல் நின்றால் போகலாம். கணுக்கால் வரை புதைந்தால் திரும்புங்கள். கையில் பிழிந்த பனியில் தண்ணீர் சொட்டினாலும், சரிவில் பனியுருண்டைகள் தானாக உருண்டாலும் அங்கே நிற்கவே வேண்டாம்.

தக்கலை:
அண்ணன் சொன்னதோடு திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, மாலையில் மேற்கு. அதனால்தான் அதிகாலை 2, 3 மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் சரிவைக் கடந்துவிடுவது. 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் பெரும்பாலும் சரியும். ஊன்றுகோலைப் பனிமேல் கிடத்தி, சாய்வு காட்டும் ஆப்பைத் திறந்து அதன்மேல் போனை வைத்தால் கோணம் தெரியும்.

சமதளத்தில் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு, மேலே சரிவு இருந்தால் போதும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் நண்பகல் வாக்கில் பனி சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்கள் மலையேற வந்தவர்கள் இல்லை, சுற்றுலா வந்தவர்கள்.

குளச்சல்:
அண்ணே, பனியில் புதைந்த ஆளை சிக்னல் வைத்துத் தேடும் பீக்கன் கருவி ஒன்று வாடகைக்கு எடுத்தால் போதுமா?

கோட்டாறு:
போதாது மக்கா. குழுவில் எல்லோரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்கணும். தேடும்போது போனை பீக்கனிலிருந்து 50 செ.மீ. தள்ளி வையுங்கள், இல்லையென்றால் சிக்னல் குழம்பும். கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டால் கம்பியை உருவக் கூடாது. தோண்டுவது கம்பிக்கு நேர்மேலே அல்ல, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து. முதல் 10 நிமிடம்தான் உயிர். சரிந்த ஈரப்பனி நின்றதும் கான்கிரீட்போல இறுகிவிடும். பிளாஸ்டிக் மண்வெட்டி உடையும், அலுமினியமே வாங்குங்கள்.