புதுப்பிப்பு: பாதியில் நின்ற ஷிராஸ் ஒயின் மறுபடி பொங்கியது

தெற்கு ஆஸ்திரேலியாவில் அக்காவும் அத்தானும் தொடங்கிய சின்ன ஒயின் ஆலைக்காக, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து கேட்டிருந்தேன்: ஷிராஸ் (சிவப்பு ஒயின் திராட்சை) நொதித்தல், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.020-லேயே நிற்கிறது, அதாவது சர்க்கரை இன்னும் மீதி இருக்கிறது, என்ன செய்யலாம்? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஈஸ்ட்டைத் தனியாகப் பழக்கச் சொன்ன யோசனைதான். இசி-1118 என்ற ஒயின் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நின்றுபோன ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். நேரே கொட்டினால் ஆல்கஹால் ஈஸ்ட்டை முடக்கிவிடும். அங்கே இரவில் குளிர், அதனால் தொட்டியையும் 20 டிகிரிக்கு மேலேயே வைத்தார்கள். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் தரும் டிஏபி சத்து சேர்க்கவில்லை. ஆல்கஹால் ஏறியபின் ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது. இப்போது ஹைட்ரோமீட்டரில் 0.996, அதாவது சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

எதிர்பாராதது, அழுகிய முட்டை வாடை. அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டே வீடியோ காலில் வந்தார். வேறு தொட்டிக்கு மாற்றியதும் குறைந்தது. அப்பாவோ, "ரப்பர் ஆலை வாடைக்கு இதெல்லாம் ஒன்றுமேயில்லை" என்கிறார்.