மொரிஸ் மைனர்: உருட்டினால் ஓடுகிறது, ஸ்டார்ட்டரை இழுத்தால் அசையவில்லை

உவர்மலையான்:
வணக்கம். அப்பாவின் மொரிஸ் மைனர் கார், 1959, 948 சீசீ. மார்கழி மழைக்கு மூன்று கிழமை நிறுத்தி வைத்திருந்தேன். அதிலிருந்து ஸ்டார்ட்டர் நொப்பை இழுத்தால் "ம்ர்ர்" என்று அரைச் சுற்று, பிறகு சத்தமே இல்லை. டவுனில் ஒரு கராஜில் காட்டினேன், பற்றரி செத்துவிட்டது என்றார்கள். புதுசு போட்டும் அதே கதை.

வீடு திருகோணமலை உவர்மலையில் என்பதால் இறக்கத்தில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சமதரையில் நின்றால்தான் மானம் போகிறது. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய் வரும்போது, கோட்டை வாசலுக்குக் கிட்ட இளநீர் குடிக்க நிறுத்தியது என் பிழை. மனைவி ஸ்டியரிங் பிடிக்க நான் தள்ளினேன். மான்கள் வரிசையாக நின்று பார்த்தன.

இன்னொன்று, சம்பந்தம் இருக்குமோ தெரியாது. இரண்டு மூன்று தரம் இழுத்த பிறகு சோக் கேபிளை (குளிர்ந்த எஞ்சினை எழுப்ப இழுக்கிற கம்பி) தொட்டால் சுடுகிறது.

சீனக்குடாத் தம்பி:
அண்ணா, நாலு புளக்கையும் கழற்றித் துடையுங்கோ. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் ஈரம் ஏறியிருக்கும். எங்கட வேனுக்குப் போன மழையில் அதுதான் நடந்தது. இல்லாவிட்டால் சொலினொயிட், ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற மின்காந்த சுவிட்ச்.

பழைய இரும்பு:
தம்பி, நீங்கள் சொல்வது சுற்றியும் பிடிக்காத காருக்குச் சரி. இது சுற்றவே மறுக்கிறது. உருட்டியவுடன் பிடிக்கிறது என்றால் புளக், பொயின்ற், பெற்றோல் பம்ப் எல்லாவற்றுக்கும் விடுதலை கொடுத்துவிடலாம். நொப் இழுக்கிற இந்த மைனரில் சொலினொயிட்டும் கிடையாது. கேபிள் நேரே போய் சுவிட்சை இழுக்கிறது, அவ்வளவுதான்.

உவர்மலையான், இரவில் ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு நொப்பை இழுங்கள். வெளிச்சம் மங்குகிறதா?

உவர்மலையான்:
மதிலில் அடித்துப் பார்த்தேன். மங்கினதாகவே தெரியவில்லை.

பழைய இரும்பு:
அப்படியென்றால் பற்றரியைத் திட்டிப் பயனில்லை. ஸ்டார்ட்டர் உண்மையிலேயே கரண்டை இழுத்திருந்தால் வெளிச்சம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. சுவிட்சின் உள்முனைகள் எரிந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி இருக்கிறதே, எனக்கு அதுதான் போதும்.

எஞ்சின் றப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, றப்பரில் கரண்ட் போகாது. அதற்காகத்தான் கியர்பொக்ஸுக்குக் கீழே பின்னிய செப்புப் பட்டி ஒன்று பாடியோடு பூட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் அந்தப் பட்டி வழியாகத்தான் போய்வர வேண்டும். அது அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொடுகிற உலோகம் வேறு என்ன இருக்கிறது? சோக் கேபிள். அந்த மெல்லிய கம்பி சுடாமல் என்ன செய்யும்? சும்மா சும்மா இழுக்காதீர்கள், கேபிள் உள்ளே எரிந்து ஒட்டிக்கொள்ளும்.

மல்ட்டிமீற்றர் இருந்தால் 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் பொசிற்றிவ் முளையிலும் மற்றதை எஞ்சின் புளொக்கில் சுரண்டிய இடத்திலும் பிடியுங்கோ. பிழையாக எழுதவில்லை, பொசிற்றிவ்தான். யாரும் மாற்றியிருக்காவிட்டால் மைனருக்குப் பொசிற்றிவ்தான் ஏர்த், அதாவது பாடியோடு பூட்டிய முனை. இன்னொருவர் இரண்டு செக்கன் மட்டும் நொப்பை இழுக்கட்டும். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

கிண்ணியாக்காரன்:
மீற்றர் இல்லாட்டி, நானா? தடித்த ஜம்ப் வயர் ஒன்றை எஞ்சினிலிருந்து அதே பொசிற்றிவ் முளைக்குக் கொடுத்து இழுத்துப் பார்க்கலாம்தானே?

பழைய இரும்பு:
தாராளமாக. நியூட்ரலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு வாகனத்தின் பற்றரியிலிருந்து ஜம்ப் எடுக்க நினைக்க வேண்டாம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் பொசிற்றிவ்வுக்குப் பொசிற்றிவ், நெகற்றிவ்வுக்கு நெகற்றிவ், இரண்டு வாகனமும் ஒன்றிலொன்று முட்டாமல். இப்போதைய வாகனங்களுக்குப் பாடி நெகற்றிவ், மைனருக்குப் பொசிற்றிவ். பம்பரும் பம்பரும் தொட்டாலே ஷோர்ட்.

உவர்மலையான்:
ஐயா, 5.8 வோல்ட்! பொசிற்றிவ் முளைக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தால் 0.1 மட்டும். பக்கத்து வீட்டுப் படகுக்காரரிடம் தடித்த வயர் வாங்கி, கிண்ணியாக்காரன் சொன்னபடி கொடுத்து இழுத்தேன். முதல் இழுப்பிலேயே சுற்றிப் பிடித்தது. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

பிறகு முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். பட்டியின் ஒரு முனை முழுக்கப் பச்சைத் தூள். பின்னலில் பாதிக்கு மேல் அறுந்திருந்தது, மிச்சம் விரல் பட்டதும் உதிர்ந்தது. பாடிப் பக்கத்துப் போல்ட்டைத் தேடவே கால் மணித்தியாலம். போன வருடம் டிங்கரிங் செய்தவர்கள் அதன் மேலேயே கறுப்புத் தார் பூசியிருக்கிறார்கள். சுரண்டினால் அடியில் கறள். பளபளக்கும்வரை சாண்ட்பேப்பர் போட்டுப் புதுப் பட்டி பூட்டினேன். இப்போது மீற்றர் 0.2 காட்டுகிறது, கேபிளும் சுடவில்லை.

புதுப் பற்றரிக்குக் கொடுத்த காசுதான் வயிற்றெரிச்சல்.

பழைய இரும்பு:
முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். டைனமோவும் எஞ்சினில்தான் பூட்டியிருக்கிறது, அதன் சார்ஜுக்கும் அதே பட்டிதான் வழி. பழைய பற்றரி கன நாளாக அரைப்பட்டினி கிடந்திருக்கும். கையில் இருந்தால் மெதுவாகச் சார்ஜ் போட்டுப் பாருங்கள், எழும்பக்கூடும்.

உவர்மலையான்:
கராஜிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

பழைய இரும்பு:
சரி, விடுங்கள். போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வஸ்லீன் பூசினீர்களா? உப்புக்காற்று உங்கள் மலைக்கும் ஏறும்.

உவர்மலையான்:
இல்லை. இப்போதே கீழே படுக்கிறேன்.