‘கிரிஸ்டலின்’ புரதத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (வியாழனுக்குள் வேண்டும்)

மதுரையிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

கண் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். விழிவில்லைப் (கண்ணின் லென்ஸ்) பாடம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: கிரிஸ்டலின். வில்லையில் நீரில் கரையும் புரதங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு இதுதான். ஆல்பா, பீட்டா, காமா என்று குடும்பங்கள். வில்லையின் நார்ச்செல்கள் முதிரும்போது உட்கருவையே இழந்துவிடுவதால், பழைய புரதத்துக்கு மாற்றாகப் புதியது செய்ய வழியில்லை. தாயின் வயிற்றில் உருவான கிரிஸ்டலின்தான் எண்பது வயதுக்காரரின் வில்லை நடுவிலும் இருக்கிறது. அது சிதைந்து, திரண்டு, ஒளியைச் சிதறடிப்பதைத்தான் கண்புரை என்கிறோம்.

‘படிகப்புரதம்’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் ‘புரதப் படிகமா?’ என்று பென்சிலால் கேட்டிருக்கிறார். ஒலிபெயர்த்தால், அதே பக்கத்தில் படிகத் தன்மையுள்ள என்ற பொருளில் ‘கிரிஸ்டலைன்’ என்ற பெயரடையும் வருகிறது. ஓர் உயிர்மெய்தான் வேறுபாடு. வழி சொல்லுங்கள்.

கோவையிலிருந்து, செவ்வாய் காலை

பளிங்கு இருக்கும்போது ஸ்படிகத்தின் தேய்ந்த வடிவமான படிகம் எதற்கு? ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்றார் வள்ளுவர். மணிமேகலை ஒளிந்துகொண்ட பளிக்கறையைச் சாத்தனார் ‘விளிப்பறை போகாது மெய்புறத்து இடூஉம்’ என்கிறார்: குரல் வெளியே வராது, உருவம் வெளியே தெரியும். விழிவில்லைக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்?

புணர்ச்சியும் கவனிக்கத்தக்கது. மருந்து + பை மருத்துப்பை, இரும்பு + பாதை இருப்புப்பாதை. மென்தொடர் வன்தொடராகும், அதாவது நடுவிலுள்ள மெல்லின மெய் வல்லினமாகும். ஆகவே பளிக்குப்புரதம் என்பதே சரி, பளிங்குப்புரதம் அன்று. நாற்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்தவன் சொல்கிறேன், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெங்களூரிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் இன்று பளிங்கு என்றால் தரையில் பதிக்கும் கல்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் உயிர்வேதியியலில் இருக்கிறது. வில்லைக்குள் இந்தப் புரதங்கள் படிகமாவதில்லை. ஒழுங்கான அடுக்கு இல்லாமல், மிக நெருக்கமாகச் செறிந்திருப்பதால்தான் ஒளி தடையின்றிப் போகிறது. படிகமாகிவிட்டால் அது நோய். காமா-டி கிரிஸ்டலினில் 36ஆம் இடத்து அமினோ அமிலமான ஆர்ஜினின், செரின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறியிருந்த ஒரு சிறுவனின் வில்லையில் புரதம் மெய்யாகவே படிகமானதை 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். படிகம், பளிங்கு எதைச் சொன்னாலும் நோயின் பெயரை நலத்துக்கு வைத்ததாகிவிடும்.

‘வில்லைப்புரதம்’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் ஒன்று. ஆல்பா-பி கிரிஸ்டலின் இதயத்திலும் எலும்புத்தசையிலும் இருக்கிறது. அதன் 120ஆம் இடத்து ஆர்ஜினின் கிளைசினானால் கண்புரையோடு தசைநோயும் வருகிறது. மடிப்புக் குலைந்த மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடித்துத் திரளவிடாமல் காப்பது ஆல்பாவின் வேலை. 1992இல் ஆய்வாளர் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டியது இது. வாத்தின் வில்லையில் இருக்கும் எப்சிலான் கிரிஸ்டலினோ, லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியேதான். கண்ணுக்கென்றே பிறந்த புரதம் என்ற எண்ணம் வாத்திடம் உடைகிறது. அதனால் ஒலிபெயர்ப்பே என் தேர்வு.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் காலை

ஒலிபெயர்ப்பு என்றால் யாருடைய ஒலிபெயர்ப்பு? நாங்கள் ‘கிறிஸ்ரலின்’ என்று எழுதுவோம், நீங்கள் ‘கிரிஸ்டலின்’ என்பீர்கள். கோவை ஐயா சொன்ன பளிங்கு எங்கள் பாடநூல்களில் ஏற்கெனவே வேதியியல் படிகத்துக்கு வழங்குகிறது. ஆகவே மெய்ப்புக்காரரின் கேள்வி எங்களுக்கும் எழும்.

வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஆட்டுக்கண்ணை அறுத்துக் காட்டுவேன். வில்லை வழுக்கிக்கொண்டு விரலில் வரும். செய்தித்தாளின் மேல் வைத்தால் கீழுள்ள எழுத்து பெருத்துத் தெரியும். பிறகு அதைக் கொதிநீரில் போடுவேன். சற்று நேரத்தில் வெளுத்துவிடும். ‘மீன்குழம்பில் வருகிற வெள்ளை மணி, ரீச்சர்!’ என்று ஒரு பிள்ளை கத்தினாள். அதேதான். முட்டை வெண்கருவைப் போல, சூட்டில் திரண்ட கிரிஸ்டலின். வெளுப்பதற்கு முன் தெளிவாக இருந்த புரதத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். ‘தெளிபுரதம்’ என்றார்கள். ஆல்பாத் தெளிபுரதம், பீட்டாத் தெளிபுரதம். சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கவில்லை.

கோவையிலிருந்து, புதன் நண்பகல்

அம்மா, அழகான சொல். ஆனால் அது வினைத்தொகை. தெளிந்த, தெளிகின்ற, தெளியும் என மூன்று காலத்துக்கும் விரியும். கலங்கிப்போன வில்லை தானாகவே தெளியும் என்று நோயாளி படித்துக்கொண்டால்? அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். கண்புரையிலுள்ள ‘புரை’ என்ற சொல்லின் எச்சரிக்கையை அது தணித்துவிடும். அந்தப் புரையைப் பாருங்கள்: குறள் ‘புரைதீர்ந்த’ என்னும்போது குற்றம், ‘புரைய’ என்று உவம உருபாக வரும்போது ஒப்புமை. ஒன்றைப் போலவே இருந்து குற்றப்பட்டது என்று இரண்டையும் ஒரே வேரில் கட்டலாமா என்று நெடுநாளாக எண்ணிவருகிறேன். தனி மடலாக எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து, புதன் மாலை

நோயாளி கையேட்டைப் படிக்கப்போவதில்லை ஐயா, பயிற்சி பெறுகிறவர்கள்தான் படிப்பார்கள். தெளிபுரதம் எனக்கு உடன்பாடு. கலங்கியபின் அதைக் ‘கலங்கிய தெளிபுரதம்’ என்று சொல்லும்போது நோய் என்ன செய்துவிட்டது என்பது பெயரிலேயே விளங்குகிறது.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். வந்த பதில்களில் ஐந்து பேர் தெளிபுரதம், நான்கு பேர் கிரிஸ்டலின், ஒருவர் பளிக்குப்புரதம். பாடம் முழுக்கத் தெளிபுரதம் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் கிரிஸ்டலின் என்று அடைப்பில் தருகிறேன். மரபணுப் பெயர் வரும் அட்டவணையில் கிரிஸ்டலினே நிற்கும், அதை மாற்ற எனக்குத் துணிவில்லை. யாழ்ப்பாணத்து மாணவிகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து, வியாழன் முற்பகல்

என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பு எப்போது?