3, 4 வகுப்புக் கணக்குப் பாடத்தில் ஊர்ப் பொருள்களை எப்படிக் கொண்டுவருவது?

நெய்தல் டீச்சர் கேட்டது:

வணக்கம். எங்கள் பள்ளி கடலோரக் கிராமத்தில் இருக்கிறது. மூன்றும் நான்கும் ஒரே அறையில், மொத்தம் 26 பிள்ளைகள். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்கள், ஐந்தாறு முஸ்லிம் பிள்ளைகள், இறால் பண்ணை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். எண்ணும் எழுத்தும் திட்டப்படி பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் (மலர்தான் மேல் நிலை) என்று பிரித்துத்தான் நடத்துகிறேன்.

கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கும் பிள்ளைக்கு நோட்டில் 62 − 38 என்று கொடுத்தால் 36 என்று எழுதுகிறது. கணக்கில் வரும் பெயரை ஊர்ப் பெயராக மாற்றுவது, ஆப்பிளுக்குப் பதில் நெத்திலி என்று போடுவது, இதனால் எதுவும் மாறவில்லை. இடமதிப்பு, பெருக்கல், பின்னம் மூன்றுக்கும் உண்மையில் பொருந்துகிற ஊர்ப் பொருள்கள் எவை? 40 நிமிடப் பாடவேளையில் எப்படி நடத்துவது, எங்கே பிசகும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

புள்ளிமான் சொன்னது:

டீச்சர், எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அதைப் புழங்குகிறவர்கள் அதை வைத்து நிஜமாகவே கணக்குப் போடுகிறார்களா? நெத்திலியை யாரும் எட்டு, ஒன்பது என்று எண்ணுவதில்லை. கூடையாகவோ எடை போட்டோதான் விற்கிறார்கள். ‘எட்டு நெத்திலியும் ஐந்து நெத்திலியும் சேர்ந்தால்’ என்ற கணக்கு அந்தப் பிள்ளைக்குப் பொய்யாகவே படும். கோலம் அப்படியல்ல. புள்ளியை எண்ணாமல் வைக்கவே முடியாது.

பெருக்கலுக்கு இடுக்குப்புள்ளிக் கோலத்தை எடுங்கள், அதாவது ஒரு வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் அடுத்த வரிசைப் புள்ளிகள் வரும் கோலம். 5 புள்ளி, 3 வரை. வரிசைகள் 3, 4, 5, 4, 3. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 19 சிப்பி அல்லது பாட்டில் மூடி, 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சாக ஐந்து முடிச்சு போட்ட கயிறு ஒன்று. நடு வரிசையை முதலில் வைக்க வேண்டும். அடுத்த வரிசைக்குக் கயிற்றை 5 செ.மீ. பக்கவாட்டிலும் 9 செ.மீ. மேலேயும் நகர்த்த வேண்டும். இந்த இடைவெளி முக்கியம். புள்ளிகள் கோணலாக விழுந்தால் அடுத்து பார்க்கப்போகும் வளையம் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு கேள்வி: ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்தம் எத்தனை என்று சொல்ல முடியுமா? சிலர் 3+4+5+4+3 என்பார்கள். சிலர் மேலும் கீழும் ஒன்றுபோல் இருப்பதைப் பிடித்து 7ஐ இரட்டித்து 5ஐக் கூட்டுவார்கள். இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12. ஆறாம் வாய்ப்பாடு தரையில் கிடக்கிறது! அடுத்த பாடவேளையில் 7 புள்ளி 4 வரை. இப்போது சிப்பியைக் கொடுக்காதீர்கள், முதலில் ஊகிக்கட்டும். அடுத்த வளையம் 18, மொத்தம் 37. வைத்துச் சரிபார்த்த பின் 9 புள்ளி 5 வரை, 61. மலர் நிலைப் பிள்ளைகளுக்கு 15 புள்ளி 8 வரை கொடுங்கள், விடை 169. அதைப் புள்ளி வைத்து எண்ணப் பொறுமை வராது, கணக்குத்தான் கைகொடுக்கும்.

பிசகும் இடம்: கோடு இழுக்கவும் வண்ணம் தீட்டவும் விட்டால் பாடவேளை அதிலேயே போய்விடும். முதல் இரண்டு பாடவேளைக்குப் புள்ளி மட்டும் போதும், கோடு வேண்டாம். ‘பொண்ணுங்க வேலை’ என்று பையன்கள் ஒதுங்குவது இன்னொன்று. சிப்பி வைத்துச் செய்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழாது. வாசலில் கோலம் போடும் வழக்கம் இல்லாத வீடுகளும் உங்கள் வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்காகத் தனி வேலை கொடுத்துப் பிரிக்காதீர்கள். வலையின் கண்களும் இதேபோல் ஒரு வரிசைக்கு அடுத்தது பாதி விலகித்தான் இருக்கும். கிழிந்த வலைத்துண்டு ஒன்றை விரித்து, ஒரு கண்ணைச் சுற்றி எத்தனை, அதைச் சுற்றி எத்தனை என்று எல்லோரும் பார்க்கட்டும். கோலத்தில் வந்த அதே எண்கள் வருகின்றனவா, வராவிட்டால் ஏன் என்று பேசினால் அதுவே நல்ல பாடம்.

அரைக்கால் சொன்னது:

பின்னத்துக்கு நான் சொல்கிறேன். உங்கள் ஊரில் இறால் பண்ணை இருக்கிறது என்றால் ‘கவுண்ட்’ என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். 30 கவுண்ட் பெரிய இறால், 60 கவுண்ட் சிறியது, விலையும் குறைவு.

பின்னத்தில் பிள்ளைகள் விடாமல் செய்யும் பிழை 1/8 பெரியது, 1/4 சிறியது என்பது. எட்டு நான்கைவிடப் பெரியது என்று முழு எண் பழக்கத்தில் சொல்கிறார்கள். எண் ஏற ஏறத் துண்டு சிறுக்கும் என்பதை இறால் வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அந்த அறிவை எழுத்துக்கு ஏற்றுவதுதான் நம் வேலை. நான்காம் வகுப்புக்கு ஓர் அட்டவணை: 20 கவுண்ட் என்றால் ஓர் இறால் 50 கிராம், 40 என்றால் 25, 50 என்றால் 20, 100 என்றால் 10. பக்கத்திலேயே ஒரு கிலோவின் 1/20, 1/40, 1/50, 1/100 என்று எழுதுங்கள். நிஜத்தில் எல்லா இறாலும் ஒரே எடை இருக்காது, இது சராசரி என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளைகளே கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

மூன்றாம் வகுப்புக்கு அரை, கால், முக்கால் வாயில் இருக்கிறது. வீட்டில் படி, ஆழாக்கு இருந்தால் கொண்டுவரச் செய்யுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, ஆழாக்கு என்பது படியில் அரைக்கால், 1/8. மணலை அளந்து ஊற்றி இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இரண்டு எச்சரிக்கை. படியின் அளவு ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். வெவ்வேறு வீட்டுப் படியும் ஆழாக்கும் கலந்தால் எட்டுக்குப் பதில் ஏழோ ஒன்பதோ வந்து நிற்கும். ஆகவே ஒரே செட்டாக வாங்கிய அளவைகளாக இருக்கட்டும். அடுத்தது, கும்பமாக அளக்காமல் ஒவ்வொரு முறையும் தலை தட்டி அளக்க வேண்டும்.

பாதி, அதில் பாதி என்றே போய்க்கொண்டிருந்தால் மூன்றில் ஒன்று என்று ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. 60 செ.மீ. காகிதப் பட்டைகள் வெட்டிக் கொடுங்கள். 60ஐ 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம், அளந்து மடிக்க எளிது. பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் ஒட்டிவிட்டால் 1/3 பெரியதா 1/4 பெரியதா என்ற வாதத்தை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்.

மீன் பங்கு பிரிக்கும் முறையைக் கணக்காக்கும் ஆசை வரும். படகுக்காரருக்கு இத்தனை பங்கு, ஆட்களுக்கு இத்தனை என்று அது அருமையான பின்னக் கணக்குத்தான். ஆனால் கற்பனைத் தொகையில் மட்டும் செய்யுங்கள். வீட்டு வருமானத்தையும் கடனையும் பிள்ளையின் வாயிலிருந்து வகுப்பில் வரவழைக்கக் கூடாது.

சில்லறை சொன்னது:

அந்த 62 − 38 = 36 பற்றி. எட்டில் இரண்டு போக ஆறு, ஆறில் மூன்று போக மூன்று. எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கவனக்குறைவு இல்லை, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. கடையில் அதே பிள்ளை கழிப்பதே இல்லை, ஏறுகிறது: 38க்கு மேல் 2 போட்டால் 40, அங்கிருந்து 20 போட்டால் 60, இன்னும் 2, ஆக 24.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1985ல் வெளியானது. வியாபாரத்தின்போது 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே பிளவு தெரிந்ததை 2025ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆக, வகுப்பில் கடை வைத்தால் போதும், தாளுக்குத் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பாலத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

கட்டும் விதம்: ஒரு பிள்ளை வாயால் சொல்லட்டும். நீங்கள் எண் எழுதாத கோடு ஒன்றைக் கரும்பலகையில் இழுத்து, அது சொல்லும் ஒவ்வொரு தாவலையும் வில்லாக வரைந்து மேலே +2, +20, +2 என்று எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை வரையட்டும். அது பழகிய பிறகுதான் பக்கத்தில் செங்குத்துக் கழித்தல். ஒரே கணக்கை இரண்டு விதமாகவும் போட்டு, இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் எங்கே விலகியது என்று பார்க்கச் சொல்லுங்கள். 36 என்ற பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்தப் படிக்கு அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

விளையாட்டுக் கடையில் விலைகளை 10, 20, 50 என்று போடாதீர்கள். 38, 47, 65 என்று இருக்கட்டும். கெட்டிக்காரப் பிள்ளையே கடைக்காரராக உட்கார்ந்துகொள்ளும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கடைக்காரருக்குப் பக்கத்தில் தாவல்களை எழுத ஒரு கணக்குப்பிள்ளை கட்டாயம்.

இடமதிப்புக்குப் பணத்தைப் பயன்படுத்தும்போது 100 ரூபாய், 10 ரூபாய், 1 ரூபாய் மட்டும் வையுங்கள். 5, 20, 50 வந்தால் குழப்பம். அதற்கும் முன்னால் ஈர்க்குச்சிக் கட்டு. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட், பத்துக் கட்டுக்கு ஒரு பெரிய கட்டு. நூறு ரூபாய்த் தாள் பத்து ரூபாய்த் தாளைவிடப் பத்து மடங்கு என்பது பார்த்தால் தெரியாது, குச்சிக்கட்டில் தெரியும்.

மஞ்சாடி சொன்னது:

ஒரே ஒரு விஷயம். பல்லாங்குழிக்கோ எண்ணுவதற்கோ குன்றிமணியை வகுப்பில் வைக்காதீர்கள். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. சோழி, புளியங்கொட்டை, கொஞ்சம் பெரிய மஞ்சாடி விதை போதும். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 என்று தொடங்கும்போதே ஐந்தாம் வாய்ப்பாடு வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் இருவர் கையிலும் குழியிலும் உள்ளதைக் கூட்டினால் 70 வர வேண்டும் என்று சரிபார்க்க வையுங்கள்.

நெய்தல் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சில்லறை சார், வாய்க்கணக்கு என்றதும் என் ஒடியாப் பிள்ளைகள் இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. இன்னொன்று, தமிழ்ப் பிள்ளைகளே முந்நூற்று ஐந்து என்றால் 3005 என்று எழுதுகிறார்கள்.

அரைக்கால் சொன்னது:

3005க்கு மருந்து ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் எண் அட்டை. ஒன்றுகள் 3 செ.மீ. அகலம், பத்துகள் 6, நூறுகள் 9. 300 அட்டையின் வலது ஓரத்தில் 5 அட்டையை வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து 305 ஆகும். காதில் கேட்ட 300 அடியில் அப்படியே இருக்கிறது, தூக்கிப் பார்க்கலாம். அகலம் மூன்றின் மடங்காக இல்லாவிட்டால் இலக்கம் நேராக விழாது.

ஒடியாப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பயன்படும். ஒடியாவிலும் இந்தியிலும் நூறுக்குள் உள்ள எண் பெயர்கள் உருமாறி ஒட்டிப்போனவை, கிட்டத்தட்ட ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் ஒன்று முதல் பத்து வரையும் இருபது, முப்பது வரிசையும் தெரிந்தால் மற்றதைக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே அட்டையைக் காட்டியபடி முதலில் அந்த இரண்டு வரிசையை மட்டும் பழக்குங்கள். தொண்ணூறும் தொள்ளாயிரமும் கடைசியில். ஒன்றில் நூறும் மற்றதில் ஆயிரமும் காதில் விழுவதால் தமிழ்ப் பிள்ளைகளே அங்கே தடுமாறுவார்கள், அவற்றுக்கு எப்போதும் அட்டையோடு சேர்த்தே பயிற்சி.

வாய்க்கணக்கை அந்த இருவரும் ஒடியாவிலேயே தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, தாவல்களை மட்டும் கோட்டில் வரையட்டும். படத்தைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்துவிடும். ஒடியா எண்களை வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பமா என்று அவர்களைத் தனியாகக் கேளுங்கள். சரி என்றால் ஏக, துயி, தினி என்று பத்து வரை எல்லோரும் கற்கலாம். தலையசைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், முன்னால் நிறுத்த வேண்டாம்.