குளிர்நாட்டுச் சமையலறையில் தயிர் நூல் நூலாக இழுக்கிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டுக்குள் 18 டிகிரிதான். உறை ஊற்றி 12 மணி நேரம் கழித்தும் தயிர் கெட்டியாகாமல், கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று நூலாக இழுக்கிறது. புளிப்பும் இல்லை. குழந்தைகள் தொட மறுக்கிறார்கள்.

செய்முறை இது: 1 லிட்டர் முழுக்கொழுப்புப் பால், பொங்கிய பின் சிறு தீயில் 10 நிமிடம் (இதைக் குறைத்தால் தயிர் நீர்த்துவிடும், பாலின் புரதம் சரியாகப் பிணையாது). 43 டிகிரிக்கு ஆறியதும் 1 மேசைக்கரண்டி தயிரைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுகிறேன். உறையைக் கூட்டிப் பார்த்தாயிற்று. சீக்கிரம் புளித்து நீர் பிரிந்ததுதான் மிச்சம்.

சூடு இறங்குவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 40 டிகிரிக்கு மேல் நிற்காவிட்டால், பசைபோன்ற பொருளைச் சுரக்கும் பாக்டீரியாக்களின் கை ஓங்கிவிடும். மின் அவனில் (oven) விளக்கை மட்டும் போட்டு வைக்கலாம் என்றால், கதவை மூடியதும் அதுவாகவே அணைந்துவிடுகிறது. கம்பளியில் சுற்றினாலும் 3 மணி நேரத்தில் 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது.

தயிர் இயந்திரம் வாங்காமல், 6 மணி நேரம் சூட்டை நிறுத்த என்ன செய்கிறீர்கள்? வாயகன்ற பிளாஸ்க், வெந்நீர் நிரப்பிய ஐஸ்பெட்டி, இதில் எது கைகொடுத்தது? வெந்நீரை எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றினீர்கள்?

இன்னொன்று: நூல் விழுந்த தயிரையே மறுபடி உறைக்கு எடுக்கலாமா, அல்லது கடையில் புதிதாக வாங்க வேண்டுமா? உயிருள்ள பாக்டீரியா உண்டு என்று எழுதியிருக்கும், ஸ்டார்ச் சேர்க்காத தயிராகப் பார்த்துத்தான் வாங்குவேன். அளவோடும் நேரத்தோடும் சொன்னால் பெரிய உதவி.