எல்லா எம்.சி.பி.யையும் அணைத்த பிறகும் இ.எல்.சி.பி. விழுகிறது, குறையை எங்கே தேடுவது?

வண்ணார்பேட்டையிலிருந்து கேள்வி

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு வண்ணார்பேட்டையில் ஆற்றுக்கு அருகே உள்ள ஒரு தெருவில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நின்று வடிந்தது. அப்போது சுவிட்சுகளை மட்டும் மாற்றினோம். சுவருக்குள் ஓடும் வயர்களையும் பெட்டிகளையும் தொடவில்லை. பிறகு பாதுகாப்புக்காக மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினோம். எங்கள் பக்கத்தில் அதையும் இ.எல்.சி.பி. என்றுதான் சொல்கிறார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அது விழுந்துகொண்டே (தானாக அணைந்துகொண்டே) இருக்கிறது. பெரும்பாலும் விடியற்காலையில் மோட்டார் போடும்போது விழுவதால், மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துச் சோதித்தோம். அதில் குறை இல்லை. முந்தாநாள் எல்லா எம்.சி.பி.களையும் (சுமை மிகுந்தால் துண்டிக்கும் சுவிட்சுகள்) அணைத்து வைத்திருந்தும் ஒரு மணி நேரத்தில் விழுந்துவிட்டது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், மழைக்காலத்தில் இது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுத்துவிட்டுச் சென்றார். வீட்டில் வயதான தாயாரும் தவழும் குழந்தையும் இருக்கிறார்கள். இப்படி விட்டுவைக்கலாமா? நானே ஆபத்தில்லாமல் எதுவரை சோதித்துப் பார்க்கலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து பதில்

தம்பி, முப்பது ஆண்டுகள் வயர்மேனாக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நேரடி இணைப்பை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டுமே அந்தக் கருவி பார்க்கிறது. வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் அது 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். அந்த அளவு 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் அளவில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்குதான் என்பதால் எம்.சி.பி. அதை உணரவே உணராது. ஆனால் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறவரின் உயிருக்கு அது போதுமான அபாயம்.

இனி உங்கள் குறைக்கு வருகிறேன். எம்.சி.பி.யை அணைத்தால் எல்லாம் துண்டிக்கப்பட்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம். வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் இணைந்தபடியேதான் இருக்கும். எங்கோ ஓர் இடத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அந்த வழியின் (ஓர் எம்.சி.பி.யிலிருந்து பிரிந்து போகும் வயர்களின்) எம்.சி.பி. அணைந்திருந்தாலும், வேறொரு வழியில் ஓடும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி நியூட்ரலில் திரும்பாமல் எர்த்துக்குள் இறங்கிவிடும். மோட்டார் போன்ற பெரிய சுமை வரும்போது அந்தப் பகுதியும் கூடுவதால் கருவி விழுகிறது. பழி மோட்டாரின் மேல் விழுகிறது. வீட்டில் எதுவுமே ஓடாதபோதும், தெருவில் மற்றவர்களின் சுமையால் நியூட்ரலுக்கும் நிலத்துக்கும் இடையே சில வோல்ட் உண்டாகி, அதே இடத்தின் வழியாகக் கசிவு ஓடக்கூடும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இதைத்தான் காட்டுகின்றன.

நேரடி இணைப்பை எடுத்து ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்த பிறகு, மூடியைத் திறக்காமல் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். உலர்ந்த கையோடும் ரப்பர் செருப்போடும் நின்று, மோட்டார், வாஷிங் மிஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர் என எல்லாவற்றின் பிளக்கையும் கையால் உருவி எடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, ஏனென்றால் சுவிட்சும் பேஸை மட்டுமே துண்டிக்கிறது. பிறகு எல்லா எம்.சி.பி.களையும் அணைத்து, ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்கி, ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டு, எதைப் போட்டவுடன் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒன்றைப் போடும்போது மட்டும் விழுந்தால் குறை பெரும்பாலும் அந்த வழியின் பேஸ் பக்கம் இருக்கும். எதையும் போடாமலே விழுந்தால் நியூட்ரலைத்தான் சந்தேகிக்க வேண்டும். போர்டு அருகே சுவர் ஈரமாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, இதையும் செய்யாதீர்கள்.

இதற்கு மேல் உரிமம் பெற்ற வயர்மேன்தான் பார்க்க வேண்டும். அவர் மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெகரால் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) எர்த்துக்கு எதிராக அளப்பார். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சு வரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் நீங்கள் மூடியைக் கழற்ற வேண்டாம். ஒரு வழிக்கு 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அதைப் பிரித்துத் தேட வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கும் பிளக் பெட்டிகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அங்கேதான் தங்கியிருக்கும், மழை ஈரம் பட்டவுடன் அது மின்சாரத்தைக் கடத்தும்.

மேலப்பாளையத்திலிருந்து பதில்

அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து இதே தொல்லை இருந்தது. இன்வெர்ட்டருக்கான பேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்து, விளக்குகளின் நியூட்ரலை அதற்குப் பின்னால் நியூட்ரல் வயர்கள் சேரும் இணைப்பில் சேர்த்திருந்தார்கள். கசிவே இல்லாதபோதும் கணக்குச் சமமாகாமல் கருவி விழுந்துகொண்டிருந்தது. நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு துணைக்கேள்வி

எங்களுக்கும் இதே தொல்லை உண்டு. 30-க்குப் பதிலாக 100 மில்லிஆம்பியர் போட்டால் விழாது என்று கடையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து பதில்

ஆளைக் காப்பதற்கு 30-க்கு மேல் போகக் கூடாது. 100, 300 ஆகியவை தீவிபத்தைத் தடுப்பதற்காக மெயினில் வைப்பவை. கணினி, ஃபிரிட்ஜ் முதலியவை ஒவ்வொன்றும் சிறிதளவு கசியவிடுவது இயல்பு. எல்லாம் சேர்ந்து 15-ஐத் தாண்டினாலே 30 மில்லிஆம்பியர் கருவி விழ வாய்ப்புண்டு. குறை எதுவும் இல்லாமல் அப்படி விழுந்தால் வீட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கிறது, எர்த் குழியை அன்று. கோடையில் குழி வறண்டுவிடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டியது தனி வேலை.

வண்ணார்பேட்டையிலிருந்து, பத்து நாள் கழித்து

அண்ணாச்சி, உங்களுக்கு மிகுந்த நன்றி. நீங்கள் சொன்ன அன்றே வேறொரு வயர்மேனை அழைத்து நேரடி இணைப்பை எடுத்துவிட்டோம். பிளக்குகளை எல்லாம் உருவி, எம்.சி.பி. எதையும் போடாமலே அது மறுபடி விழுந்தது. அவர் மெகர் வைத்துப் பார்த்தபோது புறவாசல் வழியின் நியூட்ரல் மட்டும் ஏறக்குறைய பூஜ்யத்தைக் காட்டியது. வாஷிங் மிஷினுக்கான இரும்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கால்வாசிக்கு வண்டல் படிந்திருந்தது. நியூட்ரல் முடிச்சின் மேல் சுற்றியிருந்த டேப் மக்கி, உள்ளிருந்த செம்புக் கம்பி பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியையும் அந்த வழியின் வயர்களையும் மாற்றினோம். அதன் பிறகு இரண்டு கனமழை பெய்தும் ஒரு முறைகூட விழவில்லை. புதிய பெட்டியைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. சுவரில் இன்னும் தெரிகிற வெள்ளக் கறைக்கு மேலே ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னோம்.